யந்திரம்

தமிழில் யந்திரம் என்ற சொல்லுக்கு இரண்டு வாழ்க்கை. மாவு மில்லில் ஓடுவதும் யந்திரம். செப்புத் தகட்டில் கோடு கீறி, சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்டியிருப்பதும் யந்திரம். பழைய நூல்களுக்குப் போனால் மூன்றாவதும் கிடைக்கிறது. கரும்பு பிழியும் ஆலையைப் புறநானூறு எந்திரம் என்கிறது. பதிற்றுப்பத்தில் கோட்டை வாயிலில் அம்பு எய்யக் காத்திருக்கும் பொறிக்கும் அதே பெயர். வேலை செய்வது, கொல்வது, தியானத்தில் உட்கார வைப்பது, மூன்றுக்கும் ஒரு சொல் போதும் என்று நம் பாஷை எப்போதோ தீர்மானித்துவிட்டது. ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. கலிஃபோர்னியாவின் ஜான் விட்னி, ஜேம்ஸ் விட்னி என்ற இரு சகோதரர்களைப் பற்றி அந்த பாஷையில் எழுதுகிறவர்கள் படும் சிரமத்துக்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மூத்தவரைக் கம்ப்யூட்டரின் சரித்திரத்தில் சேர்த்துவிடுகிறார்கள். இளையவரை ஆத்மீகக் கலையின் சரித்திரத்தில். இருவரும் ஒரே பட்டறையில், ஒரே யந்திரத்தின் முன் நின்றவர்கள் என்பது இரண்டு சரித்திரங்களிலும் அடிக்குறிப்பாகிவிடுகிறது.

மோஷன் கிராஃபிக்ஸ் என்பது இன்று ஒரு உத்தியோகத்தின் பெயர். டெலிவிஷன் நிலையத்திலும் விளம்பரக் கம்பெனியிலும் எழுத்தையும் கோட்டையும் வண்ணத்தையும் அசைய வைக்கிறவர்களுக்கு அந்தப் பெயர். அது எந்தக் கலைக் கொள்கை அறிக்கையிலிருந்தும் வந்ததல்ல. 1960ல் ஜான் விட்னி ஒரு கம்பெனி ஆரம்பித்து அதற்கு மோஷன் கிராஃபிக்ஸ் இன்கார்ப்பரேட்டட் என்று பெயர் வைத்தார். அதாவது, அது ஒரு கடையின் பெயர். கலை முதலில், கடை பிறகு என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் வரிசைக்கு இது ஒத்துவராது. வியாபாரம் தொட்ட கையில் சிருஷ்டி நடக்காது என்பது நம் சிறு பத்திரிகை வட்டத்தில் கிட்டத்தட்ட ஒரு மத நம்பிக்கை. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. லட்சம் பிரதி விற்கும் பத்திரிகை ஒரு நல்ல கதைக்காரனை என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவர்கள் நாம். ஆனால் ஒரு நம்பிக்கை எவ்வளவு நியாயமானதானாலும், அது தனக்கேற்ற மாதிரி சரித்திரத்தை வெட்டத் தொடங்கும்போது நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. விட்னி சகோதரர்களின் விஷயத்தில் அப்படி வெட்டித்தான் இருக்கிறார்கள்.

ஜான் பிறந்தது 1917ல், ஜேம்ஸ் 1921ல். ஜான் இளம் வயதில் பாரிஸ் போய், 1930களின் கடைசியில், ஷோன்பெர்க்கின் பன்னிரு சுர முறையைக் கற்றுக்கொண்டு திரும்பியவர். ஜேம்ஸ் ஓவியர். ஊருக்கு வந்ததும் இருவரும் சேர்ந்து படம் எடுக்க ஆரம்பித்தார்கள். மனிதர், மரம், வீடு எதுவும் இல்லாத படங்கள், வடிவங்கள் மட்டும். இந்த வழியில் அவர்களுக்கு முன்னால் நடந்தவர் ஜெர்மனியிலிருந்து 1936ல் ஹாலிவுட் வந்த ஆஸ்கர் ஃபிஷிங்கர். அவருக்கு அங்கே நேர்ந்தது தெரிந்ததுதான். டிஸ்னியின் 'ஃபன்டேஸியா'வில் பாஹ் இசைப் பகுதிக்கு அவர் வரைந்ததை மாற்றித் திருத்தி இனிப்புத் தடவினார்கள், அவர் வெளியேறினார், 1940ல் படம் வந்தபோது அதில் அவர் பெயர் இல்லை.

1943-44ல் விட்னி சகோதரர்கள் முடித்த ஐந்து 'ஃபிலிம் எக்ஸர்ஸைஸ்'களில் படத்தைவிட என்னைப் பிடித்து நிறுத்துவது சப்தம். அந்தக் காலத்து ஃபிலிமின் ஓரத்தில் ஒலி ஒரு ஒளிக்கோடாகப் பதிவாகியிருக்கும். அந்தக் கோட்டை நேராக எழுதிவிட்டால் வாத்தியம் எதற்கு? நார்மன் மெக்லாரன் கனடாவில் இதைப் பேனாவால் ஃபிலிமின் மேலேயே எழுதினார். இவர்கள் பேனாவை எடுக்கவில்லை. ஊசல்களை மாட்டினார்கள். வெவ்வேறு நீளத்தில் பன்னிரண்டு வரை. ஊசல்களின் ஆட்டம் கம்பி வழியாக ஒரு சிறு மறைப்பை அசைக்கும். அந்த மறைப்பு ஒளி விழும் இடுக்கைக் கூட்டியும் குறைத்தும் விடும். ஒளி, மிக மெதுவாக நகரும் ஃபிலிமில் விழும். ஊசல் ஆடும் வேகம் எந்தக் காதுக்கும் கேட்காதது. ஆனால் அந்த ஃபிலிமைச் சாதாரண வேகத்தில் ஓட்டும்போது, ஆட்டங்கள் நெருங்கி ஒரு சுரமாகிவிடும். பதிவு செய்த அறையில் ஒரு சப்தமும் எழுந்திருக்காது. மௌனத்தில் ஆடிய ஊசல்கள், தியேட்டரில் தேனீக் கூட்டம் போலவும் சங்கு போலவும் முழங்கும். கேட்டவர்களுக்கு அது விநோதமாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு இன்றைக்கும் விநோதமாகத்தான் இருக்கிறது. 1949ல் பெல்ஜியத்தில் நடந்த சோதனைப் படப் போட்டியில் இந்த ஒலிக்குப் பரிசு கிடைத்தது.

பரிசு சோறு போடாது. குக்கன்ஹைம் உதவித்தொகை 1947, 1948 இரண்டு வருஷங்களோடு முடிந்தது. யுத்த காலத்தில் லாக்ஹீட் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜான், 1952ல் டக்ளஸ் விமானக் கம்பெனிக்காக ஏவுகணைகளைப் பற்றிய படங்களை எழுதி இயக்கினார். பிறகு யு.பி.ஏ. கார்ட்டூன் ஸ்டூடியோ, பாப் ஹோப், டைனா ஷோர் போன்றவர்களின் டெலிவிஷன் நிகழ்ச்சிகளுக்கான டைட்டில்கள். இந்த வருஷங்களை அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள், வனவாச காலம் என்கிற பாவனையில். அந்த வருஷங்களில்தான் அவர் அந்த யந்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.

யுத்தம் முடிந்த பிறகு அமெரிக்க ராணுவம் பழைய தளவாடங்களை எடைக்குப் போடாத குறையாக விற்றது. அதில் எம்-5 என்ற விமான எதிர்ப்புப் பீரங்கி இயக்கியும் ஒன்று. மூலம் பிரிட்டிஷ்காரரான கெரிஸனுடையது. அமெரிக்காவில் அதைத் தயாரித்தவர்களில் சிங்கர் கம்பெனியும் உண்டு. ஆம், நம் வீட்டுத் தையல் மிஷின் சிங்கர்தான். பறக்கும் விமானத்தை நோக்கிச் சுட்டால் குண்டு போய்ச் சேருவதற்குள் விமானம் நகர்ந்துவிடும். ஆகவே விமானம் இருக்கும் இடத்தைச் சுடக்கூடாது, இருக்கப்போகும் இடத்தைச் சுட வேண்டும். இரண்டு பேர் தொலைநோக்கி வழியாக விமானத்தைத் தொடர்ந்துகொண்டே சக்கரங்களைத் திருப்புவார்கள். உள்ளே பல்சக்கரங்களும் உருளைகளும் அந்த அசைவைக் கணக்காக்கி, வரப்போகும் புள்ளிக்குப் பீரங்கி எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடும். எண்ணே இல்லாத கணக்கு. ஒரு அசைவை வாங்கி வேறொரு அசைவாகத் திருப்பித் தரும் கம்ப்யூட்டர்.

ஜான் விட்னி அதைத் தலைகீழாகத் திருப்பினார். பீரங்கி போக வேண்டிய இடத்துக்குக் கேமரா வந்தது. விமானம் இருந்த இடத்தில், சுழலும் மேஜைகளின் மேல், கீழிருந்து வெளிச்சம் பாய்ச்சிய ஒரு எழுத்தோ சில புள்ளிகளோ. மேஜை சுழலும், நகரும். மேலே கேமராவும் தன் பங்குக்குச் சுழலும், கண்ணைத் திறந்தபடி வைத்துக்கொண்டு. ஒரு ஃப்ரேமுக்குள் ஒரு புள்ளி தான் போன வழியையெல்லாம் எழுதிவிட்டுப் போகும். அடுத்த ஃப்ரேமில் வழி இம்மி மாறியிருக்கும். ஓட்டிப் பார்த்தால், புள்ளியைக் காணவில்லை. அதன் பாதைகள் பூவாக விரிகின்றன. ஒரு குறுகிய பிளவின் வழியாக மட்டும் படத்தைப் பார்க்க வைத்து, பிளவை நகர்த்திக்கொண்டே போகும் முறையும் இதில் பிறந்தது. 1968ல் 'எ ஸ்பேஸ் ஒடிஸி'யில் விண்வெளி வீரன் வண்ணச் சுவர்களுக்கு நடுவே பாய்வதற்கு டக்ளஸ் ட்ரம்புல் பயன்படுத்தியது இந்த முறையைத்தான்.

இதற்கிடையில் 1958. ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'. டைட்டிலின் சரித்திரம் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஸால் பாஸ்ஸிடமிருந்துதான் தொடங்குவார்கள், அது நியாயமும்கூட. டைட்டில் ஓடும்போது திரைச்சீலையை விலக்காமலே வைத்திருப்பது அமெரிக்கத் தியேட்டர்களில் வழக்கமாக இருந்தது. 1955ல் பாஸ் டைட்டில் செய்த 'த மேன் வித் த கோல்டன் ஆர்ம்' படப்பெட்டிகளோடு, சீலையை விலக்கிய பிறகே டைட்டிலை ஓட்டு என்று ஆபரேட்டருக்குக் குறிப்பும் போயிற்று. (நம் ஊரில் கதாநாயகன் பெயருக்கு விசிலடித்து முடிந்ததும் மற்ற பெயர்கள் யாருக்கும் பொருட்டில்லை. அது வேறு கதை.) 'வெர்டிகோ'வில் ஒரு பெண்ணின் முகம். உதடு, பிறகு கண்கள். ஒரு கண் நெருங்கி வந்து திரை சிவந்து, பாப்பாவுக்குள்ளிருந்து படத்தின் பெயர் எழுகிறது. பிறகு சுருள்கள். ஒன்று திரும்பிக்கொண்டே பெரிதாகி வருகிறது, அதன் ஆழத்தில் இன்னொன்று. பயப்பட எதுவும் இல்லாத வெறும் கோடு. ஆனால் வயிற்றில் ஏதோ செய்கிறது. வரப்போகும் இரண்டு மணிநேரப் படம் முழுவதும் அதில் இருக்கிறது, ஒரு சம்பவமும் இல்லாமல்.

சுருள்களைச் செய்தது ஜான் விட்னி. அவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிஸ்ஸஜு என்ற பிரெஞ்சுக்காரர் இசைக்கவைகளில் கண்ணாடி ஒட்டி, சுவரில் ஒளியால் எழுதிப் பார்த்த வடிவங்களின் வழியில் வந்தவை. இரண்டு ஆட்டங்கள் ஒன்றையொன்று குறுக்கிடுவதால் உண்டாகும் கோடுகள். ஊசல்களோடு வாழ்ந்த ஒருவருக்கு இது புதிது அல்ல. டைட்டில் வடிவமைப்பு ஸால் பாஸ் என்று திரையில் வருகிறது. விட்னியின் பெயர் இல்லை. பெயர்களை எழுதுவதற்காகவே இருக்கும் கலையில், எழுதியவன் பெயருக்கு இடம் இல்லாமற்போனது. வியாபாரம் விட்னியிடமிருந்து எதையாவது பறித்தது என்றால் இதைத்தான். பார்வையைப் பறித்தது, ரசனையைக் கெடுத்தது என்றெல்லாம் சொல்வதற்கு அந்தச் சுருள்களில் ஒரு ஆதாரமும் எனக்குக் கிடைக்கவில்லை. மாறாக, கலைக்கூடங்களில் நூறு பேர் பார்த்திருக்கக்கூடிய ஒரு அரூப வடிவம், சோளப்பொரியோடு உட்கார்ந்திருந்த லட்சக்கணக்கானவர்களின் மேல் விழுந்தது. யாரும் அது என்ன ஓவியம், என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை.

1961ல் அவர் செய்த ஏழு நிமிஷப் படத்தின் பெயர் 'காட்டலாக்'. பெயர் சொல்வதுதான் அது: விலைப்பட்டியல். என் யந்திரத்தால் என்னென்ன முடியும், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று விளம்பரக் கம்பெனிகளுக்குக் காட்டுவதற்காகத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டியது. ஜவுளிக்கடையில் துணி மாதிரிகளைத் தைத்து வைத்திருப்பார்களே, அந்தப் புத்தகம் போல. எழுத்துகள் ஒளியாக இழுபட்டு நீள்கின்றன, எண்கள் சுழன்று பூவாகின்றன, வளையங்கள் நீரில் கல் விழுந்தது போல விரிந்து ஒன்றுக்குள் ஒன்று புகுகின்றன. ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் தொடர்பு இல்லை. முடிவு இல்லை, தீர்ந்துபோகிறது, அவ்வளவுதான்.

விட்னி தன் வாழ்நாளில் செய்ததிலேயே இதுதான் சிறந்தது என்பது என் அபிப்பிராயம். பிற்காலத்தில், இசைக்குச் சமமான ஒரு காட்சி இலக்கணம் வேண்டும் என்று தீர்மானித்து அவர் செய்த படங்களில் ஒவ்வொரு புள்ளிக்கும் நியாயம் இருக்கிறது. 'காட்டலாக்'கில் நியாயம் இல்லை, சாத்தியங்கள் இருக்கின்றன. ஒரு மனிதன் தன் கையிலிருக்கும் சாதனம் என்ன செய்யும் என்று அதனிடமே கேட்டு, பதில் வரும்போது ஆச்சரியப்படுவதை நாமும் உடனிருந்து பார்க்கிறோம். இதைத் தூய கலைப் படைப்பாக ஆக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தால் இதற்கு ஒரு தலையும் வாலும் வைத்திருப்பார். வாடிக்கையாளனுக்காகச் செய்ததால் அந்தப் பொய் தேவைப்படவில்லை. இது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் வாதம் அல்ல என்று தெரியும். விலைப்பட்டியலைக் கவிதை என்று சொல்வதற்கு இங்கே எனக்குக் கிடைக்கக்கூடிய பதிலும் தெரியும். படத்தைப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள். இப்போது அது வீட்டிலேயே பார்க்கக் கிடைக்கிறது.

இனி தம்பி. ஜேம்ஸ் 1950ல் ஒரு படம் ஆரம்பித்து 1957ல் முடித்தார். ஓடும் நேரம் எட்டு நிமிஷத்துக்குள். அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம் பெரிய அட்டைகளில் ஊசியால் துளைகள் குத்தி, துளைகள் வழியாக வண்ணத்தை இறக்கி, புள்ளி புள்ளியாக வரைந்தது. ஏழு வருஷம். யோகம், தாவோ, ரசவாதம், யுங் என்று அவர் ஆழ்ந்திருந்த காலம். படத்துக்கு 'யந்த்ரா' என்று பெயர் வைத்தார். யந்திரமே இல்லாமல் கையால் குத்திக் குத்திச் செய்த படத்துக்கு அந்தப் பெயர். அடுத்த படம் 1966ல் முடிந்த 'லாபிஸ்'. லத்தீனில் கல் என்று பொருள். ரசவாதிகள் தேடிய கல். நம் சித்தர்களின் பாஷையில் குளிகை என்று வைத்துக்கொள்ளலாம். இது அண்ணனின் யந்திரத்தில் செய்யப்பட்டது. பீரங்கி இயக்கியில். வெண்மையான திரைக்குள் நுண்ணிய துகள்கள் மெதுவாக ஒரு வளையமாகக் கூடுகின்றன, நடுவில் வெற்றிடம். வளையத்துக்குள் வளையம் பிறந்து சுழன்று கரைகிறது. பின்னால் ரவிசங்கரின் ஸிதார்.

ஸிதார் கேட்டதும், வட்டம் தெரிந்ததும், பார்த்தாயா நம் ஸ்ரீசக்ரத்தை என்று புல்லரிக்க நம்மவர்களுக்கு அதிக நேரம் வேண்டாம். அந்தப் பெருமை நமக்குச் சேராது. அன்றைய அமெரிக்காவில் கஞ்சாப் புகைக்கு நடுவே இந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தவர்களின் புல்லரிப்பும் இதே ரகம்தான். செப்புத் தகட்டு யந்திரம் அசைவதில்லை. அது நிற்கும், எதிரில் உட்கார்ந்திருப்பவன் மனசு கோணத்திலிருந்து கோணத்துக்கு, வெளியிலிருந்து பிந்துவுக்கு நடந்து போக வேண்டும். அந்த நடைதான் சாதனை. ஜேம்ஸின் படத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். பார்ப்பவன் சும்மா இருக்கிறான். யந்திரம் அவனுக்காக நடக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சினிமா என்ற சாதனம் அப்படித்தான் செய்ய முடியும். ஜேம்ஸ் அதைத் தெரிந்துதான் தகட்டின் முக்கோணங்களையும் இதழ்களையும் விட்டுவிட்டுப் புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். இரண்டில் 'லாபிஸ்' அழகு. 'யந்த்ரா' அதைவிட உயிருள்ளது. ஊசி சற்றே விலகிய இடங்களில் புள்ளிக்கூட்டம் நடுங்குகிறது. இதை வைத்து, கைதான் உயர்ந்தது, யந்திரம் தாழ்ந்தது என்று பழைய பல்லவிக்குத் திரும்பிவிட முடியாது. ஏழு வருஷம் ஊசி பிடித்த அதே மனிதர்தான், இனி ஊசி வேண்டாம் என்று தீர்மானித்து அந்தப் பொறியின் முன் போய் நின்றார். 'லாபிஸ்'ஸுக்குப் பிறகு அதையும் விட்டுவிட்டுச் சில வருஷங்கள் மண்பாண்டம் செய்யப் போனார். திரும்பி வந்து 1970களில் எடுத்ததில் ஒன்றின் பெயர் 'த்விஜா'. 1982ல் காலமானார்.

ஜான் 1966ல் ஐ.பி.எம். கம்பெனியின் உதவியோடு நிஜக் கம்ப்யூட்டருக்குப் போனார். ஜாக் ஸிட்ரன் என்ற அந்தக் கம்பெனியின் விஞ்ஞானி அவருக்காக ப்ரோகிராம் எழுதித் தந்தார். 1968ல் 'பெர்ம்யுடேஷன்ஸ்', 1975ல் 'அராபெஸ்க்', 1980ல் 'டிஜிட்டல் ஹார்மனி' என்ற புத்தகம். புள்ளிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் சுழலும். இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு இரண்டு என்று வேகங்கள் சேரும் கணங்களில் ஒழுங்கு தோன்றி, உடனே கலையும். சுருதி சேர்வதும் விலகுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. கொள்கை அழகானது. 'அராபெஸ்க்' தவிர மற்றவற்றில் அது கொள்கையாகவே நிற்கிறது.

ஒரு விதியைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்தால் வடிவம் வளரும் என்ற எண்ணம் அந்த வருஷங்களில் வேறு இடங்களிலும் நடமாடிக்கொண்டிருந்தது. தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, நம் வாசல் கோலங்களை எழுதும் இலக்கணத்தைக் கணித பாஷையில் வகுத்து 1974ல் கம்ப்யூட்டர் வரைகலைக்கான ஒரு சர்வதேச ஆய்வு இதழில் வெளியிட்டார்கள். விட்னிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நம் ஓவிய விமர்சகர்களுக்கும் அநேகமாகச் சம்பந்தம் இல்லாமலே போயிற்று என்பதற்காகச் சொல்கிறேன். கோலத்தை மரபு என்று கும்பிட்டார்கள், அல்லது பெண்கள் சமாசாரம் என்று தாண்டிப் போனார்கள். யோசனை என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

'அராபெஸ்க்'கின் ப்ரோகிராமை எழுதியவர் லாரி க்யூபா என்ற இளைஞர். அரூபப் படங்கள் செய்ய வந்தவர், பின்னால் நல்ல படங்கள் செய்தவர். அவருக்கும் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. 1977ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில், எதிரியின் ராட்சதக் கோளத்தை எப்படித் தாக்குவது என்று விமானிகளுக்கு விளக்கும் காட்சி ஒன்று வருகிறது. திரைக்குள் ஒரு திரை. அதில் கோடுகளாலான ஒரு பள்ளத்தின் வழியே பாய்ந்து போய், குண்டு விழ வேண்டிய துவாரத்தில் முடியும் ஒரு வரைபடம். கம்ப்யூட்டரில் அதைச் செய்தவர் க்யூபா. பீரங்கிக்குக் குறி சொல்லிக்கொண்டிருந்த பொறியைத் திருப்பிப் பூ எழுத வைத்தவரின் பட்டறையிலிருந்து வந்தவர், குறி பார்க்கும் படம் எழுதித் தந்தார். இம்முறை டைட்டிலில் பெயர் போட்டார்கள்.